நிலையம் வராத நகரம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ரயில் நிலையத்தைச் சுற்றிக் கட்டப்போகும் அடுத்த புதுநகரத்துக்கு வந்த திட்டங்களை மதிப்பிடும் குழுவில் நீயும் இருப்பதாகப் பேப்பரில் படித்தேன். முப்பதாயிரம் வீடுகளாம். எங்கள் நகரத்தைக் கட்டிய அதே நிறுவனமும் விண்ணப்பித்திருக்கிறதாம்.

"வாசல்லேர்ந்து ஆறு நிமிஷத்துல ஸ்டேஷன், கண்ண மூடிட்டு வாங்குக்கா" என்று சொன்னவன் நீ. ஒன்பது வருடமாகிறது. நிலையம் வரவேண்டிய இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. தினமும் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய்வந்து முதுகு போய், உன் மாமா போன வாரம் வேலையை விட்டுவிட்டார். இந்தத் தடவை அவர்களுக்கு எத்தனை மார்க் போடப் போகிறாய்?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை நினைத்து வருத்தமாக இருக்கிறது. அதற்காக என்மேல் பாய்வது நியாயமா? அன்று வந்த ஆறு திட்டங்களில் அவர்களுடையதுதான் சிறந்தது. தொண்ணூற்றொரு மார்க் போட்டேன். பாதை போடாதது அரசாங்கம். வரைபடத்தில் இருப்பதற்குத்தான் நான் மார்க் போட முடியும். நடக்குமா என்று ஜோசியம் பார்க்க முடியாது.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

வரைபடத்திலா நாங்கள் குடியிருக்கிறோம்?

ஒரு நாள் வா. காலை ஐந்தரை மணி பஸ்ஸில் என்னோடு நின்று பார். ஆஸ்பத்திரிக்கு நேற்றும் தாமதம். "பக்கத்துல வீடு பாருங்க, இல்லேன்னா வேற நர்ஸ் பாத்துக்கறோம்" என்கிறார்கள். வீட்டை விற்கலாமென்றால் தரகர் சிரிக்கிறார். நீ வரும்வரை போன் செய்யாதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று வந்து ஐந்தரை மணி பஸ்ஸில் உன்னோடு நின்றேன். நீ வீட்டுக்குக் கூப்பிடாமலே இறங்கிப் போய்விட்டாய். மறுநாள் கூட்டத்தில், "மொத ரயில் ஓடுற வரைக்கும் ஒரு வீட்டையும் விக்கக்கூடாதுன்னு எழுதுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். தலைவர் கத்தினார். நான் அசையவில்லை. நிபந்தனை சேர்ந்தது. மூன்றே நாளில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இனி எந்தக் குழுவிலும் எனக்கு இடமில்லையாம். போகட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நகரத்துக்கும் ரயில் வருமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது. குழுவில் கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போதாவது வீட்டுக்கு வரலாமா?

தம்பி

ஏப்ரல் 26

தம்பிக்கு,

முப்பதாயிரம் குடும்பங்கள் தப்பித்தன. நல்ல காரியம்தான். உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், அவன வரச் சொல்லு" என்றார். என்னால் முடியவில்லை.

சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டா கூடப் பிறந்தவளை வாங்க வைத்தாய்? யாரோ ஒரு நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாமாவைப் பார்க்க வேண்டுமென்றால் வா. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வா.

அக்கா