அக்காவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை

ஆவணி 12, செவ்வாய்

என் பெரிய மகனுக்குச் சீனன்குடாவில் நல்ல வேலை. அவனுடைய மகள் கவிதா ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் குடும்பத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் ஆள். அவளுடைய தம்பி கணக்கில் ஏ எடுத்திருக்கிறான்.

அந்தக் கவிதா இன்று பேஸ்புக்கில் போட்ட படத்தில், கிளினிக் வாசலில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு லிங்கநகர் புஷ்பம் மச்சாள் நிற்கிறாள். மார்புப் பரிசோதனைக்குத் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனாளாம். கீழே "எங்கட துணிச்சல்காரி" என்று எழுதியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. உடனே கவிதாவுக்குப் போன் எடுத்தேன்.

"அவளுக்கு என்னடி அப்பிடித் துணிச்சல்?"

"தன்ர தாய்க்கு மார்பில புற்றுநோய் இருந்தது எண்டு மறைக்காமச் சொன்னவ, அப்பம்மா. அதால மகளை நாப்பது வயசு வரைக்கும் காத்திருக்க விடாம இப்பவே பாக்கினம். உங்களிட்டயும் மூண்டு தரம் கேட்டனான். எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இல்லையெண்டீங்கள்."

ஓம், அப்படித்தான் சொன்னேன். என் அக்கா காய்ச்சலில் போனாள் என்றுதான் ஊருக்கும் சொன்னோம். குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் புற்றுநோயின் பெயர் வெளியே போனால் கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்று அம்மா எங்கள் வாயை அடைத்துவிட்டார். அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு. என் மகள் வசந்திக்கு இப்போது முப்பத்தாறு.

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வசந்தி மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ன செய்யவேணும் எண்டு டொக்டர் சொல்லுவார்."

"கூட்டிக்கொண்டு வாறன். ஆனா எங்களையும் புதுசா ஒரு படம் எடுத்துப் போடவேணும்."

போடுகிறேன் என்றாள். சிரிக்கவில்லை.