சிங்காரத்தின் நாற்பது நிமிடம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு
திருப்போரூரில் ஷாரோன் வீட்டில் கூடினோம். நான்கு பேர், சம்பளம் கிடையாது, ஞாயிறு மட்டும் வேலை. இரண்டு வருடமாக ஒரே மொபைல் கேம். நான்கு பேர் நான்கு போனில் சேர்ந்து இழுத்தால்தான் கரைவலை கரைக்கு வரும். நான் புரோகிராம் எழுதுகிறேன், லோகு படம் வரைகிறான், கலைவாணன் ஒலி. ஷாரோனுக்குக் கதையும் எங்கள் சண்டையை விலக்குவதும். இன்று கலைவாணன் வரவில்லை, மச்சினிச்சி கல்யாணமாம். எப்படிச் சோதிப்பது? ஷாரோனின் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தோம். பாதியில் போனை வைத்துவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டார். மீன் எல்லாம் போச்சு.

ஆகஸ்ட் 18
கேம் கோப்புகளைப் போட்டு வைக்கும் இலவச ட்ரைவ் நிரம்பிவிட்டது. இருந்ததிலேயே பெரிய கோப்பு, லோகுவின் அப்பா சிங்காரம் வலை இழுக்கும்போது கூவிய பதிவு. போன வருடம் மாமல்லபுரம் பக்கம் அவர்கள் குப்பத்தில், கலைவாணன் தன் போனில் எடுத்தது. நாற்பது நிமிடம். முக்கால்வாசி காற்று, அரட்டை, லோகுவைத் திட்டுவது. கேமுக்கு வேண்டிய மூன்று நொடியை, "ஏலே... இழு!", எப்போதோ வெட்டி வைத்துவிட்டேன். மீதியை அழித்தேன். எப்படியும் கலைவாணனிடம் ஒன்று இருக்கும்.
இடம் காலியானதைப் பார்த்து ஒரு திருப்தி.

செப்டம்பர் 11
சிங்காரம் போய்விட்டார். மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு மார்வலி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் 29
லோகு போன் செய்தான். "யக்கா, அப்பா பேசுனது உன்னாண்ட கீதுல்ல? முழுசா அனுப்பு. என்னத் திட்டிகினே இருப்பாரே, அது. அம்மா கேக்குது."
அனுப்புறேன்டா என்று சொல்லிவிட்டு உடனே கலைவாணனை அழைத்தேன்.
"இன்னா பானு, அந்த போனத்தான் மாத்திட்டேனே. உன் கைல இருக்குதுன்னு தானே எல்லாத்தையும் அழிச்சிட்டு குடுத்தேன்."
அவன் என்னை நம்பினான், நான் அவனை நம்பினேன். ஆபீசில் ஒரு கோப்பை அழிக்க மூன்று பேரிடம் கேட்கிறவள் நான். இங்கே ஒரு வார்த்தை — கேக்கலியேடி. ஒரே ஒரு போன் பண்ணி கேக்கலியேடி பாவி.

அக்டோபர் 2
ட்ரைவ்காரர்களுக்கு எழுதினேன். மீட்க முடியாதாம். கேளம்பாக்கத்தில் கடைக்காரர் என் லேப்டாப்பையும் துழாவிப் பார்த்துவிட்டார். இல்லை.

அக்டோபர் 6
குப்பத்துக்குப் போய் லோகுவிடம் நேரில் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.
"உன் கேமுக்குன்னு தானக்கா திரும்பத் திரும்ப கூவுனாரு. தொண்ட கட்டிகினு மூணு நாளு பேச்சே வரல அவருக்கு."
மூன்று நொடியை அனுப்பிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 7
லோகு குழுவிலிருந்து விலகிவிட்டான்.

நவம்பர் 10
கலைவாணனும் வருவதில்லை. ஷாரோன் லோகுவிடம் பேசியிருக்கிறாள். படங்களை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம் என்றானாம். திருப்பிக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எங்கள் இரண்டு போனில் திறந்து இழுத்துப் பார்த்தோம். வலை அசையவில்லை. நான்தானே அப்படி எழுதினேன். வெளியிடப் போவதில்லை என்று சொன்னேன். ஷாரோன் மறுக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு
வாராவாரம் லோகுவை அழைக்கிறேன். எடுப்பதில்லை. இன்று ஷாரோன் சொன்னாள்: "அந்த மூணு செகண்டத்தான் ரிங்டோனா வெச்சுகினு கீறான். நீ கூப்ட்டா எடுக்கவும் மாட்டான், கட் பண்ணவும் மாட்டான். அடிச்சு ஓயுற வரைக்கும் அவங்க அம்மாவும் அவனும் கேட்டுகினு இருக்காங்க."
சாயந்திரம் கூப்பிட்டேன். முழுதும் அடித்து ஓய்ந்தது.
கொஞ்சம் விட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.