கல்மண்டையனைப் பெற்றவள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்க்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் என்னையே வீட்டு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து, "போதும்மா, வீட்டுக்குப் போ. உங்க அம்மா தேடுவாங்க" என்றாள். உன்னை மட்டும் மறக்கவில்லை. உன் தொடர் வந்தால் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். நெற்றியில் எலும்பு மாதிரி ரப்பரை ஒட்டி, முகமெல்லாம் செம்பு நிறம் பூசிய அந்த வேற்றுக்கிரக வீரன் நீதான் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெருப் பிள்ளைகளுக்கு நீ கல்மண்டையன். அம்மாதான் குரலை வைத்தே கண்டுபிடித்தாள். "எப்படி இளைச்சுட்டான் பாரு" என்கிறாள்.

தோற்ற போரிலிருந்து உயிரோடு திரும்பியவனுக்கு அந்த உலகத்தில் தாயே கிடையாது என்று சொல்லி, தொடரில் உனக்கு அம்மாவாக வருகிறவள் கதவைச் சாத்தினாளே, அன்று இவள் சாப்பிடவில்லை. "என் பிள்ளையை வெளியே போகச் சொல்ல அவ யாரு? அவனை இங்க வரச் சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போடா. நீ யார் என்று தெரிகிறபோதே வந்துவிடு.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மேக்கப் அறையில் படித்தேன். ரப்பர் ஒட்டிய பிறகு அழுதால் பசை விட்டுவிடும் என்று மேக்கப்காரர் திட்டினார்.

டைரக்டரிடம் லீவு கேட்டேன். "நீ இல்லாம எப்படிப்பா கதையை ஓட்டுறது?" என்றார். மேலிடத்தில் பேசிவிட்டு வந்து தோளில் கை வைத்தார். "தாராளமா போயிட்டு வா. ஆனா வீரனை முடிச்சுடுறோம்." குல மானத்துக்காக அண்ணன் கையாலேயே வீரன் சாவதாக எழுதி, நேற்று எடுத்தும் முடித்துவிட்டார்கள். அண்ணனாக நடிப்பவர் நல்ல மனிதர். குத்தி முடித்ததும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

வேலை போனால் போகட்டும். அந்தப் பகுதி நான் அங்கே வந்த பிறகுதான் டிவியில் வருமாம். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் பயப்பட மாட்டாள். மார்ச் எட்டாம் தேதி வருகிறேன்.

உன் தம்பி


மார்ச் 2

தம்பி,

நீ செத்துப்போகிற பகுதியை நேற்றே போட்டுவிட்டார்கள். நான் மருந்துக்கடையில் வேலையாக இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா தரையில் கிடக்கிறாள். "கூடப் பிறந்தவனே குத்திட்டான்" என்கிறாள். நடிப்பு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். "என்னை ஏமாத்தாத. என் கண்ணால பார்த்தேன்." நீ போனில் 'அம்மா' என்றதும் போனைக் கீழே போட்டாளே, அப்போதிலிருந்து போன் பக்கமே வர மாட்டேன் என்கிறாள்.

உன்னை நேரில் பார்த்தால் தெளிந்துவிடுவாள். கிளம்பி வா.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அங்கே இருந்த நாளெல்லாம் அம்மா என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள், நீயும் காதால் கேட்டாய். கடைசி நாள், நீ வேலைக்குப் போன பிறகு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க அவன்கூட வேலை பார்த்தவரா?"

"அம்மா, நான்தாம்மா அவன்" என்றேன்.

என் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "என் பிள்ளைக்கு இங்க எலும்பா இருக்கும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கடைசியில என்னைக் கேட்டானா?" என்றாள்.

நான் என்ன செய்வேன் அக்கா? "கேட்டாரும்மா" என்றேன்.

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்லைம்மா. உடனே முடிஞ்சுடுச்சு."

என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்றாள்.

இங்கே வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை. என் முகத்தை யாருக்குத் தெரியும்? அந்த ரப்பர் தலை இன்னும் மேக்கப்காரரிடம் இருக்கிறது. அதை ஒட்டிக்கொண்டு வரட்டுமா? ஒரே ஒரு தடவை அவள் என்னை 'வாடா' என்றால் போதும்.

உன் தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

அந்தத் தலையோடு வராதே. வந்தால் அவளுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ திரும்பிப் போகும்போது மறுபடியும் உன்னைப் பறிகொடுப்பாள். அதை இன்னொரு முறை கூட இருந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அது இல்லாமலும் வராதே. எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீ போனதிலிருந்து அவள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், அசந்து தூங்குகிறாள். பக்கத்து வீட்டம்மா கேட்டால், "ஒரு பையன் இருந்தான், போயிட்டான். கூட இருந்தவர் வந்து எல்லாம் சொன்னார்" என்கிறாள். அழுவதுகூட இல்லை. நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். அதை நாம் கெடுக்க வேண்டாம்.

நேற்று தலை வாரிவிடும்போது என்னையும் விசாரித்தாள். "உனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையாம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா