கறுப்பு மணி ஒன்று, வெள்ளை மணி பூஜ்யம்

கெஃப்,
ஞாயிறு காலை

அன்பு மகள் இப்திஹாலுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் வாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்தக் கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறேன், உன் மேல் எரிச்சலாக இருக்கும் இந்த வாரமும் விடாமல் கேட்டேன். வாப்பாவுக்கு முழங்கால் தேவலை, ஆலிவ் பறிக்க மலையேறாதீர்கள் என்றால் கேட்பதில்லை, ஏறிவிட்டு வந்து முனகுகிறார். உன் சின்னம்மா மகளுக்கு நிச்சயம் முடிந்தது. நல்ல சேதி இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போனைப் பாதியில் வைத்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் நீ, "கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாருங்க உம்மா, ரிட்டயராக ரெண்டு வருஷந்தான இருக்கு" என்றாய். இப்போதாவது முழுசாகக் கேள். எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரே கம்ப்யூட்டர் தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்திக் கிடக்கிறது, அதைத் தொட்டவர் இல்லை. அதனால் ஒன்றையும் பூஜ்யத்தையும் வைத்தே அது எண்ணும் விதத்தை, அது இல்லாமலே ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று புள்ளி போட்ட அட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அட்டையைக் காட்டினால் ஒன்று, திருப்பிக்கொண்டால் பூஜ்யம். பன்னிரண்டு என்று நான் சொன்னால் எட்டும் நான்கும் மட்டும் காட்டும், மற்ற மூன்றும் திரும்பிக்கொள்ளும். ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாகிவிட்டார்கள். அப்புறம் பாசிமணி வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஐந்து மணி, கறுப்பென்றால் ஒன்று, வெள்ளையென்றால் பூஜ்யம். அவரவர் பேரைக் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். நான் செய்த குற்றம் இதுதான்.

சவ்சன் என்று ஒரு பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. காய்ச்சலில் அழுத தம்பிக்கு விளையாட்டுக் காட்ட அவள் தன் மணியைக் கழற்றி அவன் கையில் கட்டியிருக்கிறாள், மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து கொடுத்ததைச் சொன்னால் என்ன, அவள் தாய் மப்ரூக்கா தெருவெல்லாம் "டீச்சரம்மா தாயத்து" என்று சொல்லிவிட்டாள். காலையில் வாசலில் நான்கு பெண்கள். ஒருத்தி, "எம் மவளுக்கு முப்பது ஆவப்போவுது, ஒரு வரனும் தெகையல, கொஞ்சம் நீளமாக் கோத்துக் குடுங்க" என்கிறாள். வெறும் பேர்தான் என்றேன். "பேருன்னா எழுத்து, எழுத்துன்னா மந்திரம், எங்களுக்குத் தெரியாதா? ரகசியத்தச் சொல்ல வேணாம், மணிய மட்டும் குடுங்க" என்று இன்னொருத்தி. போங்கள் என்று விரட்டினேன். வெறுங்கையோடு போனவர்கள் சும்மா இருப்பார்களா? மத்தியானத்துக்குள் நான் சூனியக்காரி ஆகிவிட்டேன். கல்வி அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. தலைமையாசிரியர் கத்தரிக்கோலோடு வகுப்புக்குள் வந்து ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருந்த மணிச்சரத்தை வெட்டினார். முந்தின நாள் வரை அந்த மனிதரே தன் கார்க் கண்ணாடியில் அதே மணிச்சரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார், எனக்கு வந்ததே ஆத்திரம்.

மந்திரப் பொருளை வகுப்பில் கொடுத்தேன், இனிக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிய ஒரு தாளைக் கல்வி அலுவலகத்திலிருந்து நீட்டினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் எல்லைப்பக்க மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். உன் வாப்பாவும் போடு என்றார், நீயும் போடு என்றாய். அந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் வைத்துச் செய்யும் கம்ப்யூட்டர் வேலையில்தானடி உன் வீட்டு அடுப்பு எரிகிறது, நீயா அப்படிச் சொன்னாய்? ஆனாலும் நேற்றுக் காலை போட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போட்டுவிட்டு மத்தியானம் வகுப்புக்குப் போனால், சேதி அதற்குள் வீடுகளுக்குப் போயிருந்தது, அட்டையை வாங்க ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை. சவ்சன்தான் எழுந்தாள். "டீச்சர், அப்ப அது நெசமாவே தாயத்துதானா? நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களாமே. இனிமே அந்த அட்டையத் தொடக்கூடாதுன்னு உம்மா சொல்லிட்டாங்க" என்றாள். எண்ணிலேயே மிதந்துகொண்டிருந்த பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மப்ரூக்கா சொன்னதை யாரும் நம்பாமல் போயிருக்கலாம், என் கையெழுத்துதான் அதை உண்மையாக்கியது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். தாள் இன்னும் மேசையில்தான் இருந்தது, எடுத்து அவர் கண்ணெதிரே கிழித்தேன். "பின்னால வருத்தப்படுவீங்க" என்றார். வருத்தம் முன்னாலேயே பட்டாயிற்று என்றேன். வகுப்புக்குத் திரும்பி, அது பேர்தான், வேறொன்றும் இல்லை, டீச்சர் பயந்துபோய்ப் பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பிள்ளைகளிடமே சொன்னேன். சவ்சன் என்னையே பார்த்தாள். "நீங்களுமா பயப்படுவீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அட்டையை அவள் இன்னும் வாங்கவில்லை. நாளைக்கும் நீட்டுவேன், மாற்றல் உத்தரவு வரும் வரை தினமும் நீட்டுவேன்.

ஆகையால் பொறுத்துப் போங்கள் என்று சொல்ல எனக்குப் போன் பண்ணாதே. வேறெதற்கு வேண்டுமானாலும் பண்ணு. காலையில் காப்பியோடு ஓடாமல் ரொட்டியாவது தின்றுவிட்டுப் போ. ஹரீசா மிளகாய் விழுது ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன், மேலே எண்ணெய் குறைந்தால் ஊற்றி வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், பயப்படாத மனசும் தரட்டும், எனக்கும் சேர்த்துக் கேள். இந்த வாரம் இரண்டு கையெழுத்துப் போட்டேன். மனசாரப் போட்டது இந்தக் கடிதத்தின் கீழே இருப்பது ஒன்றுதான்.

உன் உம்மா
வசீலா