சுருளிவேல் படத்தில் நான் அழித்த பனை

தேனி,
17.9.1972, ஞாயிறு

அன்பு மகள் சுகிர்தத்துக்கு,

கர்த்தர் கிருபையால் இன்று இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் அங்கே உடம்பிலும் மனசிலும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். உன் ஆகஸ்டு மாதக் கடிதம் கிடைத்தது. பிலாயில் மழை விடவில்லை, உடுப்பு காயவில்லை என்று எழுதியிருக்கிறாய், ஈரத் துணியோடு டியூட்டிக்குப் போகாதே, நர்சுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பதில் போட இத்தனை நாள் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை. மூன்று வாரமாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, போன வியாழக்கிழமைதான் மூச்சு வந்தது. நம் ஸ்டூடியோ இருட்டறையில் பாதி வளர்ந்தவள் நீ, உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்.

ஜூலை மாதம் பொட்டிப்புரத்திலிருந்து சுருளிவேல் என்று ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். மதுரையில் இருக்கும் ஒருவருடைய புஞ்சையை இருபத்திரண்டு வருஷமாக உழுது, விளைச்சலில் பங்கு கொடுத்து வருகிறார். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றும் விசாரணை ஊர் ஊராக நடக்கிறது அல்லவா, அதில் நிலக்காரர் இந்த ஆள் என் நிலத்தில் கால் வைத்ததே இல்லை, என் சொந்த ஆட்கள்தான் உழுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் அதே நிலக்காரர் தயவில் இருக்கிறவர்கள், ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. பெயர் ஏறாவிட்டால் அடுத்த வெள்ளாமைக்குச் சுருளிவேல் அந்த வரப்பில் ஏற முடியாது. "மனுசந்தான் வாயத் தொறக்க மாட்டேங்குறான் அண்ணாச்சி, போட்டாவாச்சும் பேசட்டும், நான் அங்கன உழுகுறத எடுத்துக் குடுங்க" என்றார்.

பெரிய ஸ்டாண்டு கேமராவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, படிய வாரிய தலை என்று மாப்பிள்ளைக்கோலத்தில் நிற்கிறார். மாட்டுக்குக்கூடக் கொம்பில் வர்ணம். உழுகிற படம் கேட்டுவிட்டுப் பெண்பார்க்கப் போகிறவர் போல நின்றால் எப்படி என்று சத்தம் போட்டு, சட்டையைக் கழற்றவைத்து, தலையில் துண்டைக் கட்டவைத்து, நாலு சால் நிஜமாகவே உழச் சொல்லி, புழுதியும் வேர்வையுமாக ஆன பிறகு ஏரை நிறுத்தி எடுத்தேன். அவர் வீட்டுக்காரி ராமுத்தாய் வரப்பில் நின்று, "வேட்டியையாச்சும் இறக்கிக் கட்டச் சொல்லுங்கண்ணே, தாலுகாக் கச்சேரியில நாலு பேரு பாப்பாக" என்று கெஞ்சிப் பார்த்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் என்று பெரிய நீதிமான் போலப் பேசினேன்.

பேசிவிட்டு வந்து நான் செய்த காரியத்தைக் கேள். நெகட்டிவைக் கழுவிப் பார்த்தால் படம் அருமையாக வந்திருக்கிறது, ஆனால் வரப்பு ஓரத்தில் நின்ற ஒரு மொட்டைப்பனை, இடி விழுந்து கொண்டை போனது, சரியாகச் சுருளிவேல் தலைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. தலையில் உலக்கை முளைத்த மாதிரி இருந்தது. முப்பது வருஷத் தொழில், கை சும்மா இருக்குமா. தூரிகையை எடுத்துச் சிவப்புச் சாயத்தைத் தொட்டு அந்தப் பனையை நெகட்டிவில் அடைத்துவிட்டேன். சாயம் பட்ட இடம் பிரிண்டில் வெள்ளை வானமாக விழும், உனக்குத் தெரியாததா, அந்தச் சாயத்தை எடுத்து நகத்தில் பூசி அடி வாங்கியவள்தானே. பிரிண்டு பார்க்க லட்சணமாக இருந்தது. நானே இரண்டு நாள் மேஜைமேல் வைத்து ரசித்தேன். சுருளிவேலும் தன் முகத்தைத்தான் பார்த்தாரே தவிர வானத்தைப் பார்க்கவில்லை, வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்டு இருபத்தைந்தாம் தேதி விசாரணை. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அவுக பக்கம் எப்ப சாஞ்சீக அண்ணாச்சி? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அந்தப் புஞ்சைக்குப் பெயரே மொட்டைப்பனைப் புஞ்சையாம், நிலக்காரர் பத்திரத்திலேயே எல்லைக்கு அந்தப் பனைதான் அடையாளமாம். அவர்கள் வக்கீல் படத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பனை எங்கே, இது வேறு யாருடைய காடோ, இந்த ஆள் ஆபீசரையே ஏமாற்ற வந்திருக்கிறான் என்று பிடித்துக்கொண்டாராம். ஆபீசர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விசாரணையைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார். நிலம் போவதோடு, புளுகன் என்ற பெயரும் சேர்ந்து அந்த மனிதர் தலையில் விழுந்துவிட்டது. அழகுக்காகத்தான் அழித்தேன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாதது அவர் தப்பில்லை. யாராவது நம்புவார்களா.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஆபீசர்ட்டப் போயி நாந்தான் அழிச்சேன்னு சொல்லிட்டு வாங்க, இங்கன இருந்து எம் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறீக" என்றாள். எனக்குத் தயக்கம்தான், மறைக்க என்ன இருக்கிறது. நாளைக்குப் பஜாரில், சுந்தர்ராஜ் ஸ்டூடியோவில் படம் எடுத்தால் உள்ளதை அழித்துவிடுவார் என்று பேசினால் கல்யாணப் படம் எடுக்க யார் வருவார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வீட்டிலேயே சாயத்தைக் கழுவி வேறு பிரிண்டு போட்டுக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் பூட்டிய அறைக்குள் என்ன வித்தை செய்தாரோ என்பார்கள். அதனால் நெகட்டிவை அப்படியே உறையில் போட்டு, கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு, போன திங்கள்கிழமை அடுத்த விசாரணைக்குப் போனேன். ஆபீசர் முன்னால் நின்று, ஐயா, இந்தப் படத்தில் பொய் செய்தது உழுகிறவர் இல்லை, நான் என்று சொன்னேன். பியூனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, பஞ்சை நனைத்து, அவர் கண் முன்னாலேயே துடைத்தேன். சிவப்பு கரைந்து வழிந்ததும் ஆபீசர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பனை நின்றது.

வக்கீல் விடுவாரா. அழிக்கத் தெரிந்தவருக்கு வரையவும் தெரியும் ஐயா என்றார். நல்ல கேள்விதான். அப்போது சுருளிவேல் முதல்தடவையாகப் பேசினார். "அந்தப் பனையில மூணு கிளிப்பொந்து இருக்குங்கய்யா, கீழ ஒண்ணு, மேல ரெண்டு. இதுல இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி நான் நெலத்த விட்டுட்டுப் போயிர்றேன்" என்றார். பொந்தெல்லாம் தெரியும் அளவுக்கு அதில் விழுந்திருக்குமா என்று எடுத்த எனக்கே தெரியாது. ஆபீசர் அங்கேயே முடிவு சொல்லவில்லை. பெரிதாக ஒரு பிரிண்டு போட்டுவரச் சொல்லி, வியாழக்கிழமை எல்லாரையும் புஞ்சைக்கே கூட்டிக்கொண்டு போனார். படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பனைக்கு முன்னால் நின்று, கீழே ஒன்று மேலே இரண்டு என்று விரலை வைத்து எண்ணினார். அந்த இடத்திலேயே சுருளிவேல் பெயரை எழுதினார். ராமுத்தாய் புழுதியில் உட்கார்ந்து அழுதது. சுருளிவேல் என்னைப் பார்த்தார், நான் கும்பிட்டேன், அவர் பக்கத்தில் வந்து என் கேமராப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தார். பஸ் வந்தபோது மட்டும், "வெறும் வயித்தோட வந்திருப்பீக, போயி மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சுகிர்தம், அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துதான் இதையும் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. என் போன இரண்டு கடிதத்திலும் ஓரத்தில் அம்மா கைப்பட எழுதும் நாலு வரி இல்லாததைக் கவனித்திருப்பாய். சபைப் பெண்களோடு வேலையாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அது பொய். அம்மாவுக்கு டைபாய்டு. ஆகஸ்டு நாலாம் தேதியிலிருந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நடுவில் ஐந்தாறு நாள் டாக்டரே ஒன்றும் சொல்லவில்லை. சுருளிவேல் விஷயத்தை அவளிடம் சொன்னதும் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான். உன் நர்சிங் பரீட்சை நேரத்தில் நீ பயப்படக்கூடாது என்று நானாகத்தான் மறைத்தேன், அவள் மறைக்கச் சொல்லவில்லை. இப்போது காய்ச்சல் முற்றிலும் விட்டு வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது, குழைந்த சோறும் ரசமும் சாப்பிடுகிறாள், இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் ஆராதனைக்கு நடந்தே வந்தாள். பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்காதான் இத்தனை நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்தது, அதற்குத் தனியாக இரண்டு வரி எழுது.

இதோடு அம்மா படம் ஒன்று வைத்திருக்கிறேன், நேற்று எடுத்தது. முடி கொட்டியிருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, கழுத்து எலும்பு தெரிகிறது. "இந்தக் கோலத்தப் பிள்ளைக்கு அனுப்பாதீக, அங்கன அழுதுக்கிட்டுக் கெடக்கும்" என்று நேற்றிலிருந்து சண்டை. நெகட்டிவில் பென்சில் வைத்து நான் ஓர் இடத்தைக்கூடத் திருத்தவில்லை. ஆனால் சிரிக்கிறாள் பார், அது நான் சொல்லிச் சிரித்தது இல்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கிறிஸ்துமசுக்கு லீவு இப்போதே எழுதிக் கேட்டுவை, கடைசி நேரத்தில் கிடைக்காது. அம்மாவைத் திட்டி எழுதாதே, எழுதுவதெல்லாம் எனக்கே எழுது.

உன் கோபத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கக் காத்திருக்கும்
அப்பா,
சுந்தர்ராஜ்