முறத்தில் இறங்கிய ஹெலிகாப்டர்

விழுப்புரம்,
மார்ச் 2, திங்கள் காலை.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனம் மேம்பாலம் வரைக்குமான வான்வெளியை ஒரே குடைக்கீழ் ஆளுகிறவனும், ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைப்பதுபோல் உலகத்துக்கு வேடம் காட்டுகிறவனுமான உன் தாய்மாமன் பிரான்சிஸ், ஊசி போட்டே ஓமன் தேசத்தைக் காப்பாற்றி வரும் மருமகள் ஜெர்லினுக்கு ஆண்டவர் அருளை வேண்டி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய ஹெலிகாப்டர் மட்டும் இரண்டு முறை செத்துப் பிழைத்தது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறான் என்று கேட்பாய். உன் அப்பா நேற்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். போனில் உன்னிடம் மூச்சு விடக் கூடாது, வாட்ஸ்அப்பிலும் கூடாது, வீடியோ எடுத்தால் காலை உடைப்பேன் என்றார். மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். கடிதம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சக்கரபாணி சார் மகன் வியாழக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அவன் பெட்டியில் உன் அம்மா கடலை வறுத்துப் பிடித்துத் திணித்த மல்லாட்டை உருண்டைக்கும் கேப்பை மாவுக்கும் நடுவே இந்தக் கவரும் வரும். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இந்த வருஷம் லீவு போடப் போவதில்லை என்று அக்கா சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்னாயாம். அவள் நம்பிவிட்டாள். பொய் சொல்வதில் மூன்று மாவட்டத்துக்கு நான் வாத்தியார். என்னிடம் அது செல்லாது.

போன வருஷம் ஜனவரியில் நீ கிளம்பிய காலையில் நானும் அங்கேதான் இருந்தேன். வாசலில் கார் நின்றது. நம் வீட்டு வழக்கப்படி உன் அம்மா கட்டைவிரலால் உன் நெற்றியில் சிலுவை போட்டாள். நானும் போட்டேன். நீ முன்முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அப்பாவுக்காக நின்றாய். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்த மனிதர், தோட்டத்துப் பக்கம் போய் மோட்டாரிடம் உட்கார்ந்துகொண்டார். மோட்டார் மக்கர் பண்ணுகிறது, நேரமாகிறது, கிளம்பச் சொல்லு என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு முடியை விட்டுவிட்டுக் காரில் ஏறினாய். வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று அவர் சொன்னதை மீறிப் போகிறாய், அந்தக் கோபம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு போனில் அம்மாவோடு அரை மணி நேரம், அப்பாவிடம் மாத்திரை போட்டீங்களா என்று ஒரே கேள்வி. எனக்குத் தெரியாதா?

சரி, ஹெலிகாப்டருக்கு வருகிறேன்.

நவம்பரில் உன் தோழி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'அப்பாவின் வலது கட்டைவிரலுக்குப் பயிற்சி' என்று நீ எழுதிய சீட்டும் உள்ளே இருந்தது. உன் அப்பா சீட்டைப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியைப் பீரோ மேல் வைக்கச் சொன்னார். நான் என்ன சின்னப் புள்ளயா என்றார். மூன்று வாரம் அது பீரோ மேலேயே தவம் கிடந்தது. நாலாவது ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் படையெடுத்துப் போய்ப் பெட்டியைக் கைப்பற்றினேன். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை.

பொருள் என்னவோ தட்டான் பூச்சி அளவுதான். ரிமோட்டைப் பார்த்தால் ராக்கெட்டே விடலாம். இடது குச்சி மேலே ஏற்ற, இறக்க. வலது குச்சி முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாய்க்க. எல்லாம் கட்டைவிரல் வேலை. குச்சியை எவ்வளவு தள்ளினால் ஹெலிகாப்டர் எவ்வளவு சாய வேண்டும் என்பதைச் சின்னத் திரையில் சதவீதமாக வைத்துக்கொள்ளலாம். நூறு வைத்தால் விரல் நடுங்கும் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அது சாமியாடும். முப்பது வைத்தால் கோயிலுக்குள் நடப்பதுபோல் அடக்கமாகப் போகும். இதுபோக இன்னொரு எண் இருக்கிறது. குச்சி நடுவில் இருக்கும்போது மட்டும் மெத்தென்று இருக்கவும், ஓரத்துக்குப் போனால் வேகம் பிடிக்கவும் அது. என் மூளைக்கு இதெல்லாம் தூசு. வீடியோ ஒன்றைப் பார்த்து அந்த எண்ணைக் கழித்தல் நாற்பது என்று வைத்தேன்.

அந்த வீடியோ வேறு கம்பெனி ரிமோட்டுக்கு உரியதாம். நம் ரிமோட்டில் கூட்டல் நாற்பது வைத்தால்தான் மெத்தென்று இருக்கும். கழித்தல் வைத்தால் நேர் எதிர். விரல் மூச்சு விட்டாலே அது பாய்ந்துவிடும். எனக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது.

கூடத்தில் ஏற்றினேன். ஒரு முழம் எழும்பும் வரை விமானப்படையே எனக்கு சல்யூட் வைத்தது. வலது குச்சியைத் தொட்டேனோ இல்லையோ, அது கோபித்துக்கொண்ட சம்பந்திபோல் விருட்டென்று வாசலைத் தாண்டி, அக்காவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த மீன்கார சின்னக்கண்ணு அக்காவின் அன்னக்கூடையில் விழுந்தது. மத்தி மீன் நாலு திசையும் பறந்தது. ஒன்று மஸ்கட் வரைக்கும் வந்திருக்க வேண்டும், நீ பார்க்கவில்லையா? சின்னக்கண்ணு அக்கா பதறவே இல்லை. ஹெலிகாப்டரை வாலைப் பிடித்துத் தூக்கி, செவுளைத் தேடுவதுபோல் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடல்ல புடிச்சது, கிலோ என்னா வெல என்று என்னையே கேட்டாள்.

உள்ளே கட்டிலில் ஒரு சத்தம். இருமல் என்று நினைத்து ஓடினேன். உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், ஜெர்லின். வாய் ஒரு பக்கம்தான் திறந்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, ரிமோட்டைப் பிடுங்கி, என்ன செய்தாய் என்று விசாரித்தார். நான் கழித்தல் கதையைச் சொன்னேன்.

"நடுவுல கொஞ்சம் லூசா ப்ளே இல்லாம ஸ்டியரிங் வெச்சா வண்டி புளியமரத்துக்குத்தாண்டா போகும்," என்றார்.

இருபத்தெட்டு வருஷம் கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் பேருந்து ஓட்டியவருக்கு பெட்டியில் இருந்த விளக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. எண்களை அவரே மாற்றினார், இடது கையால். நடுவில் கூட்டல் நாற்பது, மொத்தத்துக்கு முப்பது. அன்று முதல் ஞாயிறுதோறும் நான் திண்டிவனம், அவர் பைலட்.

முதலில் கூடத்தில். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க. பிறகு காற்று இல்லாத காலை வேளையில் பக்கத்துக் காலி மனையில். இறங்குவதற்கு ஒரு மேடை வேண்டும் என்று அக்காவின் முறத்தை எடுத்துப் போட்டேன். அரிசி புடைக்கிற முறத்தில் ஆகாய விமானமா என்று அவள் என் ஏழு தலைமுறையைத் திட்டினாள். அது உன் தலைமுறையும்தான் என்று நினைவூட்டினேன். இப்போது நாங்கள் கேட்பதற்கு முன்பே முறத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நிற்கிறாள்.

நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டரி மாற்றுகிற சாக்கில் அந்த முப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முப்பத்து மூன்று, முப்பத்தேழு, நாற்பது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பயந்து விரல் இறுகிவிடும். இன்னும் முப்பதுதானா என்று கேட்பார். முப்பதேதான் மாமா என்பேன். போன வாரம் அறுபத்தைந்துக்கு வந்துவிட்டோம். முறத்துக்குள் சுத்தமாக இறக்கினார். உலகத்திலேயே சிறந்த டாக்டர் நான்தான் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

இதற்கு நடுவில் திருநீற்றுப் புதன் வந்தது. கோயிலில் சாமியார் எல்லோர் நெற்றியிலும் கட்டைவிரலால் சாம்பல் பூசினார். உன் அப்பா பூசிக்கொண்டு இடத்துக்கு வந்து உட்காராமல், ஓரமாக நின்று, கடைசி ஆள் வரைக்கும் சாமியாரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கால் வலிக்கும், உட்காருங்க என்று அக்கா கூப்பிட்டும் வரவில்லையாம். அக்கா இதைப் போனில் சொன்னபோது, பக்தி முற்றிவிட்டது என்று கேலி செய்தேன்.

நேற்றுதான் விஷயம் புரிந்தது.

காலி மனையில் எல்லாம் தயார். நான் பாட்டரியை மாட்டினேன். உன் அப்பா ரிமோட்டை நீட்டி, நூறு வை என்றார். இப்போது முப்பதுதானே, ஒரேயடியாக நூறா என்று என் வாத்தியார் பொய்யை எடுத்துவிட்டேன்.

"வாரா வாரம் நீ ஏத்திக்கினு வர்றது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஸ்டியரிங் எடை மாறுனா டிரைவர் கைக்குத் தெரியாதாடா?" என்றார். "நூறு வை. நடுவுல இருக்கிற ப்ளேவையும் எடுத்துடு. ஒண்ணும் ஒதவி வேணாம்."

வைத்தேன். அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஹெலிகாப்டர் சந்திர மண்டலத்தைத் தொட்டு வந்தது என்று எழுதுவேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அது ஏறியது. ஆடியது. பக்கத்து வீட்டு முருங்கை வரைக்கும் சாய்ந்து போனது. அவர் விரல் நடுங்கியது, எனக்குத் தெரிந்தது. ஆனால் நடுங்கிய பக்கத்திலிருந்து விரல் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. கடைசியில் ஒரு கால் முறத்தின் உள்ளேயும் ஒரு கால் விளிம்பிலுமாக இறங்கி நின்றது. சாயவில்லை.

நான் கைதட்டினேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ரிமோட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கிட்ட வா. நெத்தியக் காட்டு," என்றார்.

குனிந்தேன். அந்தக் கட்டைவிரல் என் நெற்றியில் பட்டது. முதல் தடவை கோடு புருவத்துக்குச் சறுக்கிவிட்டது. இரு இரு என்று இடது கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி போட்டார். மேலிருந்து கீழாக ஒன்று. குறுக்காக ஒன்று. நேராக இருந்தது, மா. சத்தியமாக நேராக இருந்தது.

"கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார்.

இல்ல மாமா என்றேன். நல்லாப் பாத்துச் சொல்லு, கண்ணுல படலியே என்று மறுபடி கேட்டார். படவே இல்ல மாமா என்று கண்ணை அகலத் திறந்து காட்டினேன். அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தியம் வாங்கினார். அவள்கிட்ட சொல்லாதே, வந்தா வரட்டும், இல்லன்னா வேலையப் பாக்கட்டும் என்றார். பேசும்போது சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். உன் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டும் மாறுகிறது.

நேற்று ரயில் ஏறுவதற்கு முன் தோட்டத்துப் பக்கம் போய் அந்த மோட்டாரைப் பார்த்தேன். அக்காவைக் கேட்டேன். வாங்கிய நாளிலிருந்து அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லையாம்.

ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உன் ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டுமானால் நானே வந்து ஊசி போடுகிறேன். நோயாளிகள் பயத்திலேயே குணமாகிவிடுவார்கள். ஒரு வாரம் லீவு கேட்டுப் பார், மா. ஹெலிகாப்டர் பார்க்க வந்தேன் என்று சொல், போதும். அவர் விரல் இன்னும் கொஞ்சம் ஆடும். தலையைப் பிடித்துக்கொள்வார்; நீ அசையாமல் நில்.

மாதா உன்னைக் காப்பாளாக. வரும்போது முன்முடி நெற்றியில் விழாமல் நன்றாகத் தூக்கிச் சீவிக்கொண்டு வா.

இப்படிக்கு,
சத்தியத்தைக் காப்பாற்றிய உன் தாய்மாமன்
பிரான்சிஸ்