யூசுப்பின் சக்கரம் நசுங்கவில்லை

என் அன்பு யூசுப்,

நீ இருந்திருந்தால் அந்த மண்டபத்தில் அடிதடியே நடந்திருக்கும். நான் கத்தியதோடு சரி. இன்னும் ஆறவில்லையடா.

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ஒரு கண்காட்சி. சிங்காநல்லூரில் நம் மாடியறையில் உட்கார்ந்து செய்த டவுன் பஸ் விளையாட்டையும் வைத்திருக்கிறார்கள். புரோகிராம் நான், படமெல்லாம் நீ. உன் மகள் நஸ்ரினை ஆசை ஆசையாகக் கூட்டிப் போனேன். புதுத் திரையில் நம் பஸ் ஓடுகிறது. பக்கத்தில் ஓர் அட்டை: 'சக்கரங்கள் நசுங்கியிருந்தன. வரைந்தவரின் பிழை. திருத்தியுள்ளோம்.'

பிழையாம்! யாருடைய பிழை?

நஸ்ரின் அதைப் படித்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அத்தாவுக்கு வட்டம் போட வராதுங்களா மாமா?"

அமைப்பாளரைப் பிடித்தேன். "ஏனுங்க, யாரைக் கேட்டுத் திருத்துனீங்க?"

"எண்ணிப் பாத்துட்டுத்தானுங்க மாத்துனோம். அகலம் எழுபத்திரண்டு புள்ளி, உயரம் அறுபது. அது எப்படிங்க வட்டமாகும்?"

அட, அதுதானே வட்டம்! அன்று நம் கம்ப்யூட்டர் திரையில் குறுக்கே முந்நூற்றிருபது புள்ளி, நெடுக்கே இருநூறு. பழைய பெட்டி மானிட்டர் அதை மேலும் கீழும் இழுத்துத்தான் காட்டும். ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் நெட்டை. எண்ணிக்கையில் சமமாக வரைந்தால் சக்கரம் முட்டையாக நிற்கும். அதனால்தான் நீ வேண்டுமென்றே அகலமாக வரைந்தாய். இந்தப் புதுத் திரையில் புள்ளி சதுரம். திரையைச் சரிசெய்யாமல் உன்னைத் திருத்திவிட்டார்கள்.

உன் மனைவி ஃபரிதாவின் வளையலை மானிட்டர் கண்ணாடிமேல் வைத்து, வட்டம் சரியா என்று நீ அளவு பார்த்தது நினைவிருக்கிறதா? "அசையாமப் புடி மச்சான், இன்னும் ஒரு புள்ளி" என்று என் கையை மரத்துப்போக வைத்தாயே! இதையெல்லாம் சொன்னால் அந்த மனிதர், "பாக்கறவங்களுக்குப் புரியாதுங்களே" என்கிறார். புரியாவிட்டால் பழியை உன் தலையில் கட்டுவதா? செத்தவன் வந்து கேட்கமாட்டான் என்ற தைரியம்தானே?

பரணிலிருந்து பழைய மானிட்டரை இறக்கிவிட்டேன், இன்னும் வேலை செய்கிறது. ஃபரிதா வளையலைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் நம் அசல் விளையாட்டை அதில் ஓட்டுவேன்; நீ வரைந்த சக்கரத்தின்மேல் நஸ்ரின் தன் கையால் அந்த வளையலை வைப்பாள். அவள் கேட்ட கேள்விக்கு அவளே எல்லார் முன்னாலும் பதில் சொல்லட்டும். அந்த அட்டையைக் கழற்றாமல் நான் வீடு திரும்பமாட்டேன்.

உன் மச்சான்,
கதிர்வேல்